ஒரு ராக்கெட் ஏவ எவ்வளவு ஆகும்? விண்வெளித் துறைக்கு சேலத்திலிருந்து ஒரு மடல்

மத்திய விண்வெளித் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சேலம் லீ பஜார் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். ராக்கெட்டுக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் இரும்பாலையின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சந்திரயான்-2 திட்டத்துக்குப் போனது என்கிற பெருமை உண்டு, அவ்வளவுதான். ஆனால் கணக்கு என்றால் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

2024 செப்டம்பரில் என்.ஜி.எல்.வி. என்ற புதிய கனரக ராக்கெட்டுக்கு அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. பூமிக்குப் பக்கத்திலுள்ள தாழ்வட்டப் பாதைக்கு 30 டன் தூக்கும், முதல் அடுக்கைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றார்கள். இப்போது நம்மிடமுள்ள பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3-ஐப் போல மூன்று மடங்கு சுமை, ஒன்றரை மடங்கு செலவு என்றும் அறிவிப்பில் இருந்தது. நல்ல செய்தி. அந்த ஒன்றரை மடங்கில் எதெல்லாம் அடக்கம் என்பதுதான் என் கேள்வி.

டீசல், டிரைவர் படி, டோல் மூன்றை மட்டும் எழுதினால் எந்த லாரியும் லாபத்தில்தான் ஓடும். டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் என்று எழுத ஆரம்பித்தால்தான் ஓனர் முகம் மாறும்.

அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. நாசாவின் எஸ்.எல்.எஸ். என்ற நிலவுப் பயண ராக்கெட்டைப் பற்றி நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே 2022 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் போட்டுடைத்தார்: முதல் நான்கு பயணங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர். அதில் ராக்கெட் மட்டும் 220 கோடி. மீதி ஓரியன் விண்கலம், அதன் சேவைப் பகுதி, தரைவசதி. உருவாக்கிய செலவு இதில் சேரவே இல்லை. இது கட்டுப்படியாகாது என்றும் அவரே சொன்னார்.

அப்புறம் எல்லோரும் பக்கத்தில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவியை நிறுத்துகிறார்கள். அதன் பட்டியல் விலை (2022-இல்) 9.7 கோடி டாலர், தூக்கும் திறன் 63.8 டன் என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதி வகுத்துவிடுகிறார்கள். அந்த விலை பூஸ்டர்கள் (கீழிருந்து தள்ளிவிடும் பகுதிகள்) திரும்பி வரும் பயணத்துக்கு. அந்த டன் எதுவுமே திரும்பாத பயணத்துக்கு. போதாக்குறைக்கு, ஃபால்கனுடையது விற்கிற விலை, எஸ்.எல்.எஸ்.ஸுடையது அடக்கச் செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை.

சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் யூரோப்பா கிளிப்பரைப் பாருங்கள். வியாழனுக்குப் போகும் அந்தக் கலத்தை முதலில் எஸ்.எல்.எஸ்.ஸில்தான் அனுப்புவதாக இருந்தது. 2021-இல் ஃபால்கன் ஹெவிக்கு மாற்றினார்கள், ஒப்பந்தம் சுமார் 17.8 கோடி டாலர். 2024 அக்டோபரில் கிளம்பியது. எஸ்.எல்.எஸ். மூன்று வருடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். இப்போது செவ்வாயையும் பூமியையும் சுற்றி வளைத்து 2030-இல்தான் போய்ச் சேரும். பணம் மிச்சம், காலம் செலவு. இரண்டும் வெளிப்படையாக இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

நாமும் சந்தையில் வாடிக்கையாளர்தான். 4.7 டன் ஜிசாட்-20 தகவல்தொடர்பு செயற்கைக்கோள் எல்.வி.எம்.3-க்கு அதிகம் என்பதால் 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 பிடித்து அனுப்பினோம். நாளைக்கு வெளியே கொடுப்பதா, சொந்த ராக்கெட்டில் ஏற்றுவதா என்று கேட்டால் எந்த எண்ணை வைத்துச் சொல்வது?

8,240 கோடியில் மூன்று சோதனைப் பயணங்கள் அடக்கம் என்று தெரிகிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் ஒதுக்கிய 3,984.86 கோடி தனிக்கணக்கு. அதில் என்.ஜி.எல்.வி. தலையில் எவ்வளவு விழும்? திரும்பி வரும் முதல் அடுக்கைப் பழுது பார்க்க எவ்வளவு? வருடத்துக்கு எத்தனை ஏவல் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு? அது இரண்டானால் ஒரு தொகை, பத்தானால் வேறு தொகை.

சொந்த ராக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை கூடினாலும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. கூடுவது எவ்வளவு என்று மட்டும் தெரியவேண்டும். ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எல்.வி.எம்.3 ஒன்றை ஏவும் முழுச் செலவு, உருவாக்கச் செலவு சேர்த்தும் சேர்க்காமலும். என்.ஜி.எல்.வி. பறக்கத் தொடங்கியதும் அதற்கும் அதே பக்கம்.

இப்படிக்கு,
லீ பஜார் கணக்குப்பிள்ளை ஒருவன்,
சேலம்.