ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

அன்புள்ள மகளுக்கு,

கூட்டத்தில் நீ 'டெவலப்மென்ட்' என்றதை இரண்டு முறை திருப்பிக் கேட்டார்கள் என்று நேற்று வருத்தப்பட்டாயே, அதைப் பற்றி நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

30 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்த எனக்கு ஆங்கிலச் சொற்கள் பழகியதே வரியின் கடைசியில், அடங்காத சொல்லை உடைக்கும் இடத்தில்தான். தமிழில் புள்ளி எழுத்து அடுத்த வரியின் முதலில் வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஆங்கிலம் அப்படி விடாது. ஒருமுறை 'லெஜண்ட்ஸ்' என்ற சொல்லை மூன்றாம் எழுத்தோடு உடைத்துவிட்டேன். மேல் வரியில் 'லெக்', கீழ் வரியில் 'எண்ட்ஸ்', பழங்கதைகள் கால்நுனிகளாகிவிட்டன.

'படித்தான்' என்பதைப் பகுபதமாகப் பிரித்தால் 'படி' தனியே நிற்கும். அலகிட்டால் 'படித்', 'தான்' என்று நிரையும் நேருமாக விழும். ஆங்கிலத்திலும் பொருள் பார்த்துப் பிரிப்பதும் ஒலி பார்த்துப் பிரிப்பதும் இரண்டு வேலைகளே. 1861இல் பிரெஞ்சில் உருவான 'ஹெலிகாப்டர்' என்ற சொல்லில், சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ'வும் சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்' என்பதும் ஆகிய இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. வாயோ அதை ஹெ-லி-காப்-டர் என்றுதான் பிரிக்கிறது. 'ஃபோட்டோகிராஃபி'யைப் பழைய பிரிட்டிஷ் அச்சுக்காரர்கள் பொருள் பார்த்து 'ஃபோட்டோ'வுக்குப் பின் உடைப்பார்கள். அமெரிக்கர்கள் ஒலி பார்த்து 'ஜி' எழுத்தையும் மேல் வரியிலேயே வைத்துக்கொள்வார்கள்.

உன் சிக்கல் அசையில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள்; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களோ ஓர் அசையை ஓங்கி, பக்கத்தில் இருப்பவற்றை விழுங்கிவிடுவார்கள். அந்த ஓங்கும் இடத்தைப் பெரும்பாலும் பின்னொட்டே தீர்மானிக்கிறது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும், 'ஃபோட்டோகிராஃபி'யில் இரண்டாவது, 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவது. 'இக்', 'ஷன்', 'இட்டி' என முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்று வைத்துக்கொள். 'அரபிக்' போல அடங்காத சில சொற்களும் உண்டு, அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'மென்ட்' சாது, எதையும் நகர்த்தாது. ஆகவே 'டெவலப்' என்பதில் அழுத்தம் எங்கேயோ, 'டெவலப்மென்ட்'டிலும் அங்கேயேதான்: இரண்டாம் அசையில். நீ முதல் அசையை அழுத்தியிருப்பாய். இங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அதோடு ஓர் 'அல்' சேர்ந்து 'டெவலப்மென்டல்' ஆனால் மட்டும் முதன்மை அழுத்தம் 'மென்' மீது ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது 'ஃபோட்டோகிராஃபர்' என்று எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டு. பென்சிலோடு காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா