வகுப்பை விட்டுப் போகத் தயங்கும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் கேட்டதையே விடிய விடிய யோசித்துக்கொண்டு கிடந்தேன். பாடசாலை அதிபர் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகமும் முடிந்து, நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகு, "அம்மா, வகுப்பை விட்டுப் போனால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டாய். அப்பா போனைப் பறித்து, "யோசிக்காமல் போய்ப் பாரம் எடு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி. போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பயம் எனக்கும் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவள் நான். ஒரு வெண்பாவைக் கரும்பலகையில் எழுதிச் சீர் பிரிக்கச் சொல்லும்போது, ஒரு தவணை முழுக்க வாயே திறக்காமல் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து சரியாகப் பிரித்துக் காட்டினால், அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடுகூடத் தேவைப்படாது. அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டுத்தான் 2017 ஜனவரியில் அதிபர் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

மட்டக்குளிப் பக்கத்தில் ஒரு மாகாணப் பாடசாலை. முதலாம் தரத்திலிருந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பதினோராம் தரம் வரைக்கும் அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவர்கள், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமார், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாமார், இவர்களுடைய பிள்ளைகள். இந்து, கத்தோலிக்கம், இஸ்லாம் எல்லாம் ஒரே வாங்கில். நான் போனபோது மேசையில் ஒரு அடுக்குச் சுற்றுநிருபம், பொருட்பதிவேடு, சம்பவத் திரட்டு, பதில் போகாத கடிதங்கள். பாதிக் கடிதங்கள் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் வாசித்து விளங்கிப் பதில் அனுப்பவே பொழுது போய்விடும். இரண்டு மணிக்கு எல்லாரும் போன பிறகு தனியே இருந்து, நான் ஏன் இங்கே வந்தேன் என்று அழுத நாட்களும் உண்டு. அதை உனக்கு ஒளிக்க மாட்டேன்.

அந்த முதல் வருடத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். வாசல் கதவை ஏழரைக்குப் பூட்டச் சொன்னேன். ஒழுங்கு வரவேண்டும் என்ற நினைப்பு. பிந்தி வருகிற பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும். ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்று நாலைந்து நாள் அப்படி நின்றது. ஒருநாள் திரும்பி றோட்டைக் கடந்து போய்விட்டது. அப்புறம் வரவேயில்லை. வரவு இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போனதை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டேன். பிரதி அதிபரையும் கூட்டிக்கொண்டு வீடு தேடிப் போனேன். ஒரு அறை வீடு. நாற்பது குடும்பத்துக்கு ஒரு பைப். காலையில் அந்தப் பிள்ளைதான் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, தம்பிமார் இரண்டு பேரையும் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தானும் வரவேண்டும். "வெளியே நிக்க வெக்கமா இருந்திச்சு மெடம்" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறு வயது வரைக்கும் கட்டாயக் கல்வி என்று அதற்கு முந்தைய வருடம்தான், 2016இல், விதி வந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைக் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்த நான்தான் அந்தப் பிள்ளையை வெளியே தள்ளியிருந்தேன். அடுத்த நாளே கதவைப் பூட்டுவதை நிற்பாட்டினேன். ஏழு மணிக்கு நானே வாசலில் போய் நிற்கத் தொடங்கினேன், பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொல்ல.

என் சந்தோஷம் அந்த வாசலில்தான் தொடங்கியது, பிள்ளை. ஒரு வகுப்பில் நாற்பது பேரைத் தெரிந்து வைத்திருந்தவளுக்கு அறுநூறு முகமும் பழகிப்போனது. யார் இரவு சாப்பிடவில்லை, யாருடைய சப்பாத்து அண்ணனுடையது, யாருடைய அப்பா மத்திய கிழக்கிலிருந்து வந்திருக்கிறார், எல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில் தெரியும். அந்தப் பெண் பிள்ளை திரும்பி வந்தாள். சாதாரண தரம் எழுதினாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் போனால், என்னைக் கண்டதும் றோட்டைக் கடந்து ஓடி வருவாள்.

இன்னொன்றும் வாசலில் நின்றுதான் கண்டுபிடித்தேன். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாலு நாள் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் காய்ச்சல் என்பார்கள். போய்ப் பார்த்தால் மலசலகூடத்தில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பைப்பில் தண்ணீர் இல்லை. மேலே கடிதம் எழுதிக் காத்திருந்து பார்த்தேன். பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு அப்பா எழுந்தார், மேசன் பாஸ். "சாமான் மட்டும் வாங்கித் தாங்க மெடம், கூலி வேணாம்" என்றார். ஒரு சனி, ஞாயிறில் வேலை முடிந்தது. அடுத்த தவணை இடாப்பில் அந்த இடைவெளிகள் குறைந்ததைப் பார்த்த நாள், ஒரு வெண்பாவை விளங்கப்படுத்திய நாளை விட எந்த விதத்திலும் சின்ன நாள் இல்லை. ஒரு தாழ்ப்பாள் போட்டதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நீ நினைப்பாய். இருந்தது, பிள்ளை.

சரி, உன்னுடைய கேள்விக்கு வருகிறேன். 2022 உனக்கு நினைவிருக்கும். மார்ச்சில் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப் போட்டார்கள். அப்புறம் பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடமே மூடப்பட்டது. திறந்தபோது வாரத்தில் மூன்று நாள் மட்டும். கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தில் வந்த ஒரு டீச்சர் என்னிடம் இருந்தார். கணிதம். வந்த புதிதில் ஏழாம் தரம் அவருக்கு அடங்கவில்லை. என் அறைக்கு வந்து, "எனக்கு இது சரிவராது மெடம்" என்று அழுதார். நான் நேரசூசியை மாற்றி ஆறாம் தரத்தை மட்டும் கொடுத்தேன். அனுபவமுள்ள ஒரு டீச்சரைப் பக்கத்து வகுப்பில் போட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஓகஸ்டில் ஒருநாள் விறாந்தையால் போகும்போது ஆறாம் தர வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலடியில் நின்று பார்த்தேன். மேசையில் ஒரு றாத்தல் பாண். டீச்சர் அதைப் பாதியாக வெட்டி, பாதியை மறுபடி பாதியாக்கி, ஒரு துண்டை உயர்த்திக் காட்டினார். மற்றப் பாதியை நாலாக வெட்டினார். கரும்பலகையில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "எட்டுப் பெரிசா, நாலு பெரிசா?" என்று கேட்டார். வகுப்பு முழுக்க "எட்டு" என்றது. முதல் வரிசையில் இருந்த ஒரு பொடியன் மட்டும் பாணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "எனக்கு நாலுல ஒன்னு தாங்க டீச்சர்."

டீச்சர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம் அந்தக் கால் பாணை அவன் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் இதைக் கேட்டே? எல்லாருக்கும் சொல்லு" என்றார். அவன் சொன்னான். பின்னத்தை அவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் கேட்டதில்லை. மிச்சப் பாணை எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். அவன் காலையில் சாப்பிடாமல் வந்தவன் என்று எனக்கு வாசலிலேயே தெரியும்.

நான் அந்த வகுப்புக்குள் போகவில்லை. அந்தப் பாடத்தில் என் வெண்கட்டித் தூள்கூட இல்லை. ஆனால் அந்த டீச்சர் வேலையை விட்டுப் போகாமல் அங்கே நின்றதில் எனக்குப் பங்கு இருந்தது. என் வாழ்நாளில் நானே எடுத்த எந்த நல்ல பாடமும் எனக்கு இவ்வளவு நிறைவு தந்ததில்லை. உனக்கு மிஞ்சப்போவது இதுதான், மகள். அறைக்குள் கடிதங்களோடு இருந்தால் கிடைக்காது. விறாந்தையில் நடந்தால்தான் கண்ணில் படும்.

நீ போகப்போகிற தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று நாங்கள் எல்லாரும் பாடமாக்கினோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எழுபதுகளில்தான் பொறுப்பெடுத்தது. அதுவரைக்கும் ஒரே கொட்டிலில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த இடங்கள் எத்தனையோ. அவ்வளவு பிந்திக் கிடைத்த பள்ளிக்கூடம் அது. நல்ல கணித டீச்சர் ஒருவர் அங்கே அதிபராக வருவது அந்தச் சனங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது பெரியக்காவின் கிழிந்த புத்தகம். இலவசப் பாடநூல் 1980இல்தான் வந்தது, சீருடைத் துணி 1993இல். இப்போதும் புத்தகம் கொடுக்கிற நாளில் பிள்ளைகள் முதலில் திறந்து மணந்துதான் பார்ப்பார்கள். அந்த நாளில் கந்தோர் வேலை என்று எங்கும் போய்விடாதே. நீயே உன் கையால் கொடு.

வகுப்பை முற்றாக விடவும் தேவையில்லை. வாரத்தில் நாலு பாடவேளையாவது உனக்கென்று நேரசூசியில் போட்டுக்கொள். பத்தாம் தரக் கணிதத்தை எடு. யார் என்ன சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதே. நான் விட்டுக்கொடுத்தேன், அது இன்னும் மனதில் கிடக்கிறது.

சின்ன மாமா வெள்ளிக்கிழமை ஹற்றனுக்கு வருகிறார். அவரிடம் பெரிய கறுப்புக் குடை ஒன்றும் என் பழைய மணிக்கூடும் கொடுத்து விடுகிறேன். வாசலில் நிற்க இரண்டும் வேண்டும், அங்கே மழை நேரம் காலம் பார்க்காது. மருமகனுக்குப் பருத்தித்துறை வடையும் இருக்கிறது. பாரம் எடுக்கிற நாள் இரவு போன் எடு. கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அப்பா கேட்பார், அவரிடம் சொல். எனக்கு அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று சொல்.

அன்புடன்,
அம்மா