தம்பிக்கு, உன் மத்தியான சாப்பாட்டைப் பத்தி

அன்புள்ள தம்பி,

நேத்து போன்ல பேசினதுல இருந்து மனசே சரியில்லடா. இங்கிலாந்துல லீட்ஸ் போயி மூணு மாசமா மத்தியானம் வெறும் ரொட்டியும் வாழப்பழமும்தான் சாப்பிடுற, கேட்டா பால் ஒத்துக்கல, இங்க எதுல பால் இருக்குன்னே தெரியலக்காங்குற. கடையில வாங்கின சிக்கன் சாண்ட்விச்ல தயிர் இருந்தது தெரியாம சாப்பிட்டு ராத்திரி பூரா துடிச்சத இப்பதான் சொல்ற. உன்ன மாதிரி தனியா இருக்குற புள்ளைங்களும் படிக்கட்டும்னுதான் இத எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதுறேன்.

நீ சாப்பிட்ட அந்த மஞ்ச கலர் சிக்கனுக்கு கொரோனேஷன் சிக்கன்னு பேரு. 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டு விருந்துக்கு, லண்டன்ல சமையல் பள்ளி நடத்தின ரோஸ்மேரி ஹ்யூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கினது. வெங்காயத்தையும் கறி பவுடரையும் எண்ணெயில வதக்கி, வைன் ஊத்தி வத்த விட்டு, வடிகட்டி மயோனைஸ்ல கலந்து, ஆப்ரிகாட் பழக் கூழ் சேத்து, கடைசியா அடிச்ச க்ரீம். பாத்தியா, அந்தப் பழைய செய்முறைல பால் சமாச்சாரம் அந்த க்ரீம் மட்டும்தான், நீ வாங்கின கடைக்காரங்கதான் தயிர் சேத்திருக்காங்க. மயோனைஸ் வெள்ளையா இருக்குன்னு ஒதுக்காத, அது முட்டை, எண்ணெய், வினிகர். ஆனா சில கம்பெனி பால் சேக்குறாங்க, அதனால பாட்டில திருப்பிப் படி. அங்க 14 அலர்ஜி பொருள சட்டப்படி தனியா தெரியிற மாதிரி அச்சடிக்கணும், அதுல பாலும் ஒண்ணு.

க்ரீமுக்கு பதிலா நமக்கு தேங்காப்பால் இருக்கே. டின்ன மொத நாள் ராத்திரியே ஆட்டாம ஃபிரிட்ஜ்ல வச்சிரு. காலைல தொறந்தா மேல கெட்டியா ஒதுங்கி நிக்கும், ஸ்பூன விட்டா குழி விழும், அந்த கெட்டிய மட்டும் ரெண்டு ஸ்பூன் எடு.

அரை கிலோ சிக்கன் பிரெஸ்ட்ட தளதளன்னு கொதிக்க விட்டா நாரா போயிடும். உப்பு, இஞ்சித் துண்டு, நாலு மிளகு போட்ட தண்ணில சின்னத் தீயில 15 நிமிஷம், அப்புறம் அணைச்சு மூடி 10 நிமிஷம், நடுவுல கீறிப் பாரு, ரோஸ் நெறம் இருக்கக் கூடாது. ஆறினதும் கையால பிச்சுப் போடு, பிச்ச எடத்துலதான் மசாலா பிடிக்கும்.

இப்ப சொல்றதுதான் முக்கியம். கறி பவுடர அப்படியே மயோனைஸ்ல கொட்டாத, நான் மொத தடவ அப்படிச் செஞ்சு பச்ச வாடை அடிச்சு முழுசையும் கொட்டினேன். பாதி வெங்காயத்த பொடியா நறுக்கி எண்ணெயில வதக்கி, அடுப்ப சிம்ல வச்சு ரெண்டு டீஸ்பூன் பவுடர் போட்டு அரை நிமிஷம் கிளறு, வாசன மாறும், அப்பவே எறக்கிடு, கருகினா கசக்கும். ஊர்ல இருந்து கொண்டு போன நெய் இப்ப வேணாம். உனக்கு லாக்டோஸ்ங்குற பால் சர்க்கரை ஜீரணமாகலையா, இல்ல பால் புரதம் அலர்ஜியான்னு டாக்டர்கிட்ட கேளு, ரெண்டும் வேற வேற. அலர்ஜின்னா லாக்டோஸ் இல்லாத பாலும் குடிக்கக் கூடாது.

வதக்கினது ஆறினதும் மூணு ஸ்பூன் மயோனைஸ், தேங்கா கெட்டி, ஒரு ஸ்பூன் மாங்கா சட்னி, எலுமிச்ச சாறு, சிக்கன், பொடியா நறுக்கின ஆப்பிள், திராட்சை, கொத்தமல்லி எல்லாம் கலந்து டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல வை. ரெண்டு நாளைக்கு மேல வேணாம். ரொட்டி பாக்கெட்டயும் ஒரு தடவ படிச்சிரு, சிலதுல பால் பவுடர் இருக்கும்.

ஞாயித்துக்கெழம செஞ்சா திங்கள், செவ்வாய் மத்தியானத்துக்கு ஆச்சு. செஞ்சுட்டு போட்டோ அனுப்புடா. நீ வெறும் ரொட்டி சாப்பிடுறத அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல.

உன் அக்கா