புற்றின் மேல் நின்ற சிவிங்கி

நைரோபி
ஜூன் 15

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து முந்தாநாள் இரவுதான் வீடு திரும்பினோம். இரண்டு முறை அலசியும் துணிகளில் ஏறிய புழுதி இன்னும் முழுமையாகப் போகவில்லை. நாங்கள் வந்து இறங்கியதும் நீ தொலைபேசியில் அழைத்து, "ஐந்தையும் பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டாய். காண்டாமிருகம் கண்ணில் படவில்லை என்றதும் உன் குரல் சற்று இறங்கியதைக் கவனித்தேன். ஆகஸ்டில் மாப்பிள்ளையோடும் சம்பந்திகளோடும் நீ இங்கே வரப்போவதால், தொலைபேசியில் சொல்லி முடியாததை எழுதியே அனுப்புகிறேன்.

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற அந்த ஐந்தின் பட்டியல், துப்பாக்கியோடு நடந்துபோய் வேட்டையாடிய காலத்து வெள்ளைக்காரர்கள், எந்த விலங்கை வீழ்த்துவது கடினம், எது திருப்பித் தாக்கும் என்று பார்த்துப் போட்ட கணக்கு. நாங்கள் மூன்று நாளில் எதைப் பார்த்ததற்காகப் போய்வந்தது தகும் என்று நினைத்தோமோ, அது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இரண்டாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். நீண்ட மழை முடிந்த பருவம் என்பதால் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. எங்கள் ஓட்டுநர், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மாசாய்க்காரர், வண்டியை நிறுத்திவிட்டு, "டூமா" என்று மட்டும் சொன்னார். சுவாஹிலியில் சிவிங்கிப்புலிக்கு, அதாவது சீட்டாவுக்கு, அதுதான் பெயர். நான் சிறுத்தை என்று நினைத்து மரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தொலைவிலிருந்த ஒரு கறையான் புற்றைக் காட்டினார். அதன் மேல் முன்கால்களை ஊன்றி, ஒல்லியான உடலும் சிறிய தலையுமாக அது நின்றது. கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை, அழுது காய்ந்ததுபோல் இரண்டு கறுப்புக் கோடுகள். நம் ஊரில் பலரும் இதையும் சிறுத்தை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒட்டகச்சிவிங்கி என்ற பெயருக்குள் இந்தச் சிவிங்கி இத்தனை காலம் ஒளிந்திருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒட்டகத்தின் உடல்வாகு, சிவிங்கியின் புள்ளி. பெயர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

புற்றின் அடியில் புல் அசைந்தபோதுதான் குட்டிகள் இருப்பது தெரிந்தது. மூன்று குட்டிகள், இரண்டு மாதத்துக்கு மேல் இராது. பிடரியிலிருந்து முதுகு நெடுக, சாம்பல் நிறத்தில், கலைந்த பஞ்சுபோல் முடி. தாய் இறங்கி ஒரு தாம்சன் மான் கூட்டத்தை நோக்கித் தலை தாழ்த்தி நடந்தது. குட்டிகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. பிறகு நடந்தது அரை நிமிடம்கூட இல்லை. அது ஓடியதைவிட, திருப்பங்களில் அதன் வால் எதிர்ப்புறம் வீசி உடலை நிலைநிறுத்தியதுதான் என் கண்ணில் நின்றுவிட்டது. இளமான் ஒன்றை வீழ்த்தி, தொண்டையைக் கவ்வி, அது அடங்கியபின் பக்கத்திலேயே படுத்து, விலா எலும்புகள் ஏறி இறங்க மூச்சு வாங்கியது. பசியோடு வேட்டையாடிய விலங்கு உடனே தின்ன முடியாமல் கிடப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து அது குட்டிகளைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, ஏதோ பறவை என்றுதான் அப்பா அண்ணாந்து பார்த்தார். சிவிங்கிக்குச் சிங்கம்போலக் கர்ஜிக்க வராதாம்.

அதற்குள் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலியில் செய்தி பரவி, எங்கிருந்தோ வண்டிகள் வந்து சேரத் தொடங்கின. ஒரு பெரிய பூனையைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது, இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது காப்பகத்தின் விதி. நான் பதினொன்று வரை எண்ணினேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வண்டி, படம் சரியாக விழவேண்டும் என்பதற்காகத் தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய் நின்றது. எங்கள் ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பி, எங்களைக் கேட்காமலேயே வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை செலவு செய்து வந்து, பார்க்கவேண்டிய நேரத்தில் விலகுவதா என்று அப்பாவுக்குக் கோபம். எனக்கும் உள்ளூர வருத்தம்தான், பொய் சொல்வானேன்? மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தபோது, தாய் இரையை அப்படியே விட்டுவிட்டுக் குட்டிகளைத் தேடி வண்டிகளுக்கிடையே அலைந்துகொண்டிருந்தது. திரும்பி வருவதற்குள் கழுதைப்புலி ஒன்று மானை இழுத்துக்கொண்டு போயிற்று. அப்பா அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை ஓட்டுநர் சொன்ன ஆய்வைத் தேடிப் படித்தேன். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மாராவில் சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கி வளர்த்து ஆளாக்கியது சராசரியாக 0.2 குட்டி, வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3. அந்தப் பதினொன்றில் ஒன்றாக நம் வண்டியும் இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் அந்த எண்களைப் படிக்க முடியவில்லை.

மற்றவை: புதர் நிழலில் ஒன்பது சிங்கங்கள், ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. தலேக் ஆற்றோரத்தில் ஒரு சிறுத்தை. உண்மையைச் சொன்னால், கிளையிலிருந்து தொங்கிய வாலும், அதன் பக்கத்தில் இம்பாலா மானின் ஒரு காலும். யானைகள் எல்லா இடத்திலும் இருந்தன.

இனி உன் பயணம். ஜூலை முதல் தேதியிலிருந்து வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு டாலரிலிருந்து இருநூறாகிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். வில்டபீஸ்ட் எனும் காட்டுமாடுகள் மாரா ஆற்றைக் கடக்கும் பருவம் என்பதால் கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஆகவே இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் திட்டத்தை விட்டுவிட்டு நான்கு நாள் தங்கு. அதில் பாதியையாவது, மாசாய் மக்கள் தங்கள் நிலத்தை வாடகைக்கு விட்டு நடக்கும் நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற பகுதிகளில் வைத்துக்கொள். செலவு கூடுதல்தான்; ஆனால் அங்கே வண்டிகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன ஓட்டுநரிடமே உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வண்டியைத் திருப்பினால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதை இப்போதே சொல்லிவிடு.

மாரா கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. திறந்த கூரையில் விடியற்காலைக் குளிர் சம்பந்தி அம்மாவுக்கு ஆகாது. அவருக்கு ஒரு கம்பளிச் சால்வையும், உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நல்ல தொலைநோக்கியும் எடுத்துவா. எங்களுடையதில் இடது கண்ணாடி மங்கலாகிவிட்டது.

அன்புடன்,
அம்மா