பிள்ளைகள் மெல்லவும் பாடட்டும்

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், தமிழ் மொழி மாதத்தில் குழந்தைகளை மேடையேற்றும் அமைப்பினருக்கும்,

வணக்கம்.

பாட்டு என்றாலே உரக்கப் பாடுவதுதான் என்று நினைத்து நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஏப்ரல் மாதம் வந்தால் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாக மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னணி இசை ஒலிபெருக்கியில் அதிர்கிறது. கீழே நிற்கும் பெரியவர்கள், "இன்னும் சத்தமா! கேக்கலை!" என்று கையசைக்கிறார்கள். பிள்ளைகளும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். கும்மிப் பாட்டுக்கும் அதே குரல், தாலாட்டுக்கும் அதே குரல். பாடி முடித்ததும் நாம் மகிழ்ந்து கைதட்டுகிறோம். உரக்கப் பாடினால்தான் பாராட்டு என்று அந்தப் பிள்ளை மனத்தில் பதிந்துவிடுகிறது.

குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தருபவள் என்ற முறையில் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சுருதி சேர்வதற்கும் தாளம் பிசகாமல் இருப்பதற்கும் காலம் பிடிக்கும். பலத்த ஓசைக்கும் மெல்லிய ஓசைக்கும் உள்ள வேறுபாடு மூன்று வயதிலேயே பிடிபடும். குழந்தை தானே தீர்மானித்து, தானே மாற்றிப் பார்க்கக்கூடிய முதல் இசை அனுபவமும் அதுதான்.

இங்கே நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நாம் வாழ்வது வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை அமைதி காப்பது என்று ஒரு வழிகாட்டி நெடுநாளாக உண்டு. அண்டை வீட்டு இரைச்சல் குறித்து 2022இல் அமைந்த சமூக ஆலோசனைக் குழு, அதை இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணிவரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. அண்டை வீட்டாரை நினைத்து நாமும் "சத்தம் போடாதே" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதனால் மெல்லிய ஓசை என்பது திட்டு வாங்கியபின் வருவது என்று பிள்ளைக்குப் பழகிவிடுகிறது. வீட்டில் அடக்கம், மேடையில் கத்தல். மெல்லப் பாடுவதிலும் ஓர் இன்பம் இருக்கிறது என்று அதற்கு யாரும் காட்டுவதில்லை. உண்மையில் மெல்லப் பாடுவதுதான் கடினம். மூச்சைச் சிறுகச் சிறுக விட வேண்டும். சொல் மங்காமல் தெளிவாக ஒலிக்க வேண்டும். பக்கத்தில் பாடுபவரின் குரலையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கேட்பதிலிருந்து தொடங்கலாம். விடியற்காலையில் நம் அடுக்குமாடிகளைச் சுற்றிக் கூவும் குயிலைத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் இருக்காது. அதன் தூக்கம் கெடுக்கும் கூவலை நாம் குறை சொல்வோம். பாட்டு வகுப்புக்கோ அதைவிட நல்ல பாடம் கிடைக்காது: முதல் கூவலைவிட இரண்டாவது பலமாக இருக்கும், அதைவிட மூன்றாவது. பிள்ளைகளைக் குயிலாகக் கூவச் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் குயில் பறந்து தூரமாகப் போவதுபோல் கூவச் சொல்லுங்கள். ஓசை படிப்படியாக ஏறுவதும் இறங்குவதும் விளக்கம் எதுவும் இல்லாமலே வந்துவிடும். மழை நாட்களில் சன்னலோரம் நின்று தூறல் பெருமழையாக வலுப்பதைக் கேட்டுவிட்டு, ஒரு விரல், இரண்டு விரல், உள்ளங்கை என்று தரையில் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்து, ஓசையைக் கண்ணால் காணும்படி காட்டுங்கள். காலி மைலோ டின்னின் வாயில் ஒரு பலூனை வெட்டி இறுக இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் அரிசி தூவுங்கள். ஓரத்தில் விரலால் மெல்லத் தட்டினால் அரிசி நடுங்கும். ஓங்கித் தட்டினால் துள்ளி விழும். தோல் எவ்வளவு அதிகமாக அசைகிறதோ, ஓசையும் அவ்வளவு பலமாக வருகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அரிசி அசையாமல் இருக்கும்படி ஓசை எழுப்ப முடியுமா என்று ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கும்.

இந்த இடத்தில் விளையாட்டுக் கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த பல கீபோர்டுகளில் கட்டையை வருடினாலும் ஒரே ஓசை, குத்தினாலும் அதே ஓசை. பியானோவுக்கு முன்பிருந்த கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டின் குறையும் இதுவேதான்: அதில் தந்தி மீட்டப்படுவதால், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை பெரிதாக மாறாது. 1700ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி, தந்தியைச் சிறு சுத்தியால் அடிக்கும் கருவியைச் செய்தார். மெல்லவும் பலமாகவும் வாசிக்க வழி பிறந்தது. பியானோவின் தொடக்கம் அதுதான். 300 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன குறையை நம் பிள்ளைகளின் விரல்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம். கீபோர்டு வாங்கும் பணத்துக்கு நான்கு சின்ன மேளங்கள் வாங்குங்கள். விரல் எப்படித் தொடுகிறதோ, மேளம் அப்படியே பதில் சொல்லும்.

நம் வாத்தியங்களே போதுமான அளவு சொல்லித்தரும். சிராங்கூன் சாலைக் கோயில்களில் தவிலும் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தவிலின் ஒரு பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள், மறுபக்கம் கழியால். வெட்டவெளியிலும் கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய வாத்தியம் அது. வீணையோ ஓர் அறைக்குள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்து, "இது யாருக்காக ஒலிக்கிறது, எவ்வளவு தூரம் போகும்?" என்று கேளுங்கள். வாத்தியம் எதுவும் கையில் இல்லையா? 'தகதிமி' போதும். உரக்க ஒருமுறை, சாதாரணமாக ஒருமுறை, உதடு மட்டும் அசையும்படி ஒருமுறை.

சொல்லித்தரும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓசையைக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் வேகத்தையும் கூட்டுவார்கள், சுருதியும் மேலே ஏறிவிடும். குறைக்கச் சொன்னால் பாட்டு இழுபட ஆரம்பிக்கும். இந்த வயதில் இது இயல்பு, அதட்ட வேண்டாம். தொடையில் ஒரே சீராகத் தாளம் போட வைத்து, கை மாறாமல் குரலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள். அது கைகளை விரித்தால் எல்லோரும் பலமாகப் பாட வேண்டும், உள்ளங்கைகளை நெருக்கினால் மெல்ல. வாயே திறக்காத கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், முகம் மலரும். தாலாட்டு பாடும்போது மடியில் ஒரு பொம்மையைக் கொடுங்கள். ஆராரோ ஆரிரரோ என்று கத்தினால் பொம்மை விழித்துக்கொள்ளும் என்பது பிள்ளைக்கே தெரியும்.

பல பாலர் பள்ளிகளில் தமிழ் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள்தான் இருப்பார்கள், தடுப்புக்கு அப்பால் வேறு வகுப்பு நடக்கும். ஆசிரியர்கள் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மெல்லப் பாடிப் பழக இதைவிட நல்ல குழு அமையாது. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழும்.

இனி நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு. சிறு பிள்ளைகள் மேடையில் இருக்கும்போது ஒலிபெருக்கியை நீங்கள் வைக்கும் அளவு எனக்குக் கவலை தருகிறது. காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. அடிக்கடி கத்திப் பாடுவதால் குரல்வளையில் சிறு கட்டிகள் தோன்றுவதும் பிள்ளைகளிடம் உண்டு. முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

வரும் ஏப்ரலில் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு பாட்டையாவது பின்னணி இசை இல்லாமல் பாட விடுங்கள். பதிவு செய்த இசை கடைசிவரை ஒரே அளவில் ஓடும். அதற்கு மேலே கேட்க வேண்டுமென்றால் பிள்ளைக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மிருதங்கமோ கஞ்சிராவோ போதும், வாசிப்பவர் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்பக் கையை அடக்கிக்கொள்வார். பாட்டுப் போட்டி நடத்தினால், மதிப்பெண் தாளில் குரல் வளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் சேருங்கள்: பாட்டின் பொருளுக்கேற்ப ஓசையைக் கூட்டிக் குறைத்தல். அந்தத் தாளைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பள்ளிகளுக்கு அனுப்பிவிடுங்கள். ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளைப் பழக்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர்,
ஈசூன்