ராமானுஜம் என்று எழுதினால் பிழையில்லை

சென்னைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன டிசம்பர் 22, கணித நாளுக்காக ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு சார்ட் எழுதிக்கொண்டு போனாள். தலைப்பு ‘சி.பி. ராமானுஜம்’. சாயங்காலம் அது திரும்பி வந்தபோது ‘ம்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘ன்’. கீழே 1938-ஐ அடித்து 1887 என்று எழுதியிருந்தது. “அப்பா, அப்போ இப்படி ஒருத்தர் இல்லவே இல்லையா?” என்று கேட்டாள்.

திருத்தியவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெயர் அப்படி. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த உடையவர் ராமானுஜரின் பெயரை ஆயிரம் வருஷமாகப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டே இருக்கிறோம். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜனும் அந்த வரிசைதான். ஆனால் கணிதத்திலேயே இரண்டு பேர், இரண்டு பேரும் நம் ஊரோடு சேர்ந்தவர்கள் என்றால் குழம்பத்தானே செய்யும்?

1887 டிசம்பர் 22-இல் பிறந்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1920-இல் சேத்துப்பட்டில் 32 வயதில் கண் மூடிய ஸ்ரீனிவாச ராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் 1938-இல் சென்னையிலேயே பிறந்தவர். லயோலா கல்லூரியில் பாதிரியார் ராசின் ஊக்கம் கொடுக்க, 1957-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மனநோயோடு வருஷக்கணக்கில் போராடி, 1974-இல் 36 வயதில் போய்விட்டார். ‘ராமானுஜம் பரப்பு’ என்றே வடிவியலில் ஒரு பரப்புக்குக் கணித உலகம் பெயர் வைத்திருக்கிறது.

இருவரையும் சேர்த்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ராமானுஜன் எண் 1729 உங்கள் மாணவர்களுக்குத் தெரியும்: 10×10×10 + 9×9×9, 12×12×12 + 1×1×1, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதம். சரி, அடுத்து 23-ஐக் கொடுங்கள். கனங்களை மட்டும் கூட்டி 23 வரவேண்டும். இரண்டு எட்டு, ஏழு ஒன்று. ஒன்பது கனம் இல்லாமல் முடியாது. என் மகள் எட்டுக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தாள். எந்த எண்ணுக்கும் எத்தனை கனம், எத்தனை நான்காம் அடுக்கு போதும் என்பதுதான் வேரிங் கணக்கு. அதைச் சாதாரண எண்களைத் தாண்டிப் பெரிய எண் அமைப்புகளுக்குக் கொண்டுபோய், சீகல் என்ற ஜெர்மன் மேதை எழுப்பிய கேள்விக்கு விடை கண்டவர் நம் ராமானுஜம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான்.

வருகிற டிசம்பர் 22-இல் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பெரியவர் பெயரைப் பலகையில் எழுதும்போது பக்கத்தில் இவர் பெயரையும் எழுதுங்கள். அப்புறம் 23-ஐக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் திண்டாட விடுங்கள்.

மகள் புதிதாக ஒரு சார்ட் எழுதி வைத்திருக்கிறாள், ‘ம்’ கொஞ்சம் பெரிதாக. எந்தப் பள்ளி கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா, சென்னை