சொராக்சான் வேண்டாம், ஓடேசான் போகலாம்

அன்புள்ள முரளி,

மகளுக்கு மதுரையிலேயே கல்லூரி கிடைத்துவிட்டதா! தங்கச்சிக்கு இனி ஹாஸ்டல் கவலை இல்லை.

சரி, அக்டோபரில் தென்கொரியாவுக்கு வந்தால் சொராக்சான் மலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். என் பேச்சைக் கேள், வேண்டாம். இலை சிவக்கும் மாதத்தில் அங்கே முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். அதற்குத் தெற்கே ஓடேசான் இருக்கிறது. அதுவும் தேசியப் பூங்காதான், 1975 முதல். சியோலிலிருந்து ஜின்பு வரை விரைவு ரயில், அப்புறம் பஸ்.

கீழே வொல்ஜொங்சா கோயில். அதன் வாசலுக்குப் போகும் ஃபர் மரச் சாலையில் போட்டோ எடுக்கிற கூட்டம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கோயிலைத் தாண்டி ஓடையோரமாக நடக்க ஆரம்பித்தால் ஆள் குறைந்துவிடும். மேலே இருக்கும் சாங்வொன்சா கோயில் வரை சுமார் 9 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. தார்ச்சாலை வருவதற்கு முன் துறவிகள் நடந்த வழி. சுதனன் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போய்ப் பார்த்த பௌத்த நூல் சிறுவன் அவன். அந்த நூலில் அவன் திராவிட நாட்டுக்கும் வந்து மேகன் என்பவரைச் சந்திக்கிறான். நம் ஊர்ப்பக்கம் வந்துபோனவன் பெயரில் கொரியக் காட்டில் ஒரு பாதை!

சாங்வொன்சாவுக்கு உன்னை நான் இழுப்பதற்குக் காரணம் வேறு. கொரியப் போரில், 1951 தொடக்கத்தில், பின்வாங்கிய தென்கொரியப் படை எதிரிக்குத் தங்க இடம் கிடைக்கக் கூடாதென்று கோயில்களைக் கொளுத்தியது. வொல்ஜொங்சா எரிந்தே போனது. எண்கோண வடிவில் ஒன்பது அடுக்குக் கற்கோபுரம் நின்றது. இன்று பார்க்கிற மண்டபங்கள் பிறகு கட்டியவை. மேலே சாங்வொன்சாவில் ஹானம் என்ற முதிய துறவி காவி அங்கி உடுத்தி புத்தர் முன் உட்கார்ந்துகொண்டு, இனி கொளுத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம். கொளுத்துவது உங்கள் கடமை, இங்கே இருப்பது என் கடமை என்கிற மாதிரி. வந்த அதிகாரி கதவுகளை மட்டும் கழற்றி முற்றத்தில் எரித்து, புகையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தத் துறவியைவிட அந்த அதிகாரியைப் பற்றித்தான் அதிகம் யோசனை ஓடுகிறது. உத்தரவை மீறவும் இல்லை, நிறைவேற்றவும் இல்லை. ஹானம் அந்த வசந்தத்திலேயே, உட்கார்ந்த நிலையிலேயே காலமானார்.

அப்படித் தப்பியதுதான் 725இல் வார்த்த வெண்கல மணி. கொரியாவில் இருப்பவற்றில் மிகப் பழையது. அதன் உடம்பில் யாழ் மாதிரி ஒன்றை மீட்டியபடி பறக்கும் தேவமாதரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. அடிவாரக் கடைகளில் மலைக்கீரைகளைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடக் கொடுப்பார்கள். முட்டை வேண்டாமென்று முன்பே சொல்லிவிடலாம். வழியில் வயதானவர்கள் உன்னைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப் போவார்கள், போட்டி போடாதே. நின்று வெள்ளரிக்காய் நீட்டினால் வாங்கிக்கொள்.

திரும்புவதற்கு மேலிருந்து பஸ் அடிக்கடி கிடையாது, அதனால் காலையிலேயே கிளம்ப வேண்டும். மாதத்தின் நடுவில் வருகிறாயா, கடைசியிலா? ரயிலுக்கு முன்பதிவு செய்யணும், தேதியைச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
ரவி